தொட்டிக்கு முன் துப்பக் கூடாது

கண் ஆஸ்பத்திரியில் என்னை இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு தரமும் கட்டிலில் ஏற்றி, கண்ணுக்கு மருந்தும் விட்ட பிறகுதான். "அம்மா, பிரஷர் கூட. இப்ப ஒப்பரேஷன் செய்ய ஏலாது. குறைச்சுக்கொண்டு வாங்கோ" என்றார் தாதி மிஸ்ஸி. குறைத்துக்கொண்டு வர இதென்ன மீன் விலையா?

வலது கண்ணில் வெள்ளை முற்றாகப் படர்ந்துவிட்டது. இடது கண்ணிலும் தொடங்கியிருந்தது. பஸ்ஸின் பலகையை வாசிக்க முடியாமல் திருக்கேதீஸ்வரம் போகிற பஸ்ஸில் ஏறி, பாலம் தாண்டிய பிறகு இறங்கி வெயிலில் திரும்பி நடந்தவள் நான். கண் போனால் நான் கருவாடு காயப்போடுகிற வாடிக்கு எப்படி வேலைக்குப் போவது?

பன்னிரண்டு வருடமாகப் பிரஷர். கிளினிக்கில் தந்த குளிசையை ஒரு நாளும் விட்டதில்லை. இரண்டாம் தரம் திருப்பி அனுப்பியதும் ஆயுர்வேத ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்தவர் வயது குறைந்த பெண் டொக்டர். "குளிசையை நிப்பாட்டக் கூடாது, அதோட சேர்த்து இதையும் செய்யுங்கோ" என்று மருதம்பட்டைக் கஷாயம் தந்தார். விடிய நடக்க வேண்டும், நேரத்துக்குப் படுக்க வேண்டும், கறிக்கு உப்புக் குறைக்க வேண்டும், கருவாடு தொடவே கூடாது. வாடியில் நிற்கிறவளுக்குச் சொல்கிற கதையா இது?

ஆனாலும் செய்தேன். கஷாயத்தின் கசப்பு மத்தியானம் வரைக்கும் தொண்டையில் நிற்கும். விடியக் கடற்கரையில் நடந்தால், வலை இழுக்கிறவர்கள் "அக்கா, ஆரைத் தேடிப் போறீங்கள்?" என்று பகிடி பண்ணினார்கள். வீட்டில் இவர் சொதியை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று கோப்பையைத் தள்ளினார்.

"அப்ப குப்பையில போய் இருந்து சாப்பிடுங்கோ" என்றேன். வேறு என்ன சொல்ல?

மூன்று மாதம் போனது. கிளினிக்கில் பார்த்தால் பிரஷர் இம்மியும் இறங்கவில்லை. அங்கிருந்த டொக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "உப்புக் குறைக்கேல்லப் போல" என்று கொப்பியில் எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதம் வைக்கோல் தின்கிற மாடு போலச் சாப்பிட்டவளைப் பொய்க்காரி என்கிறார்!

அந்தக் கோபத்தை மகளின் தலையில் கொட்டினேன். வீட்டில் சமைப்பது அவள்தான். வாடியிலும் எனக்குப் பக்கத்தில்தான் வேலை. "நீதான் கள்ளமாய் உப்புப் போடுறாய். அம்மா குருடாய்ப் போனாலும் உனக்குக் கறி ருசிக்க வேணும்" என்றேன். பிள்ளை அகப்பையை வைத்துவிட்டு அழுதாள். அதன் பிறகு நானே சமைத்தேன். அப்போதும் குறையவில்லை.

சண்டை பிடிக்கவென்றே ஆயுர்வேத ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிளினிக் கொப்பியை மேசையில் போட்டு, "உங்கட கஷாயமும் நீங்களும்!" என்றேன். அந்த டொக்டர்ப் பிள்ளை கோபிக்கவில்லை. நாடி பிடித்துப் பார்த்துவிட்டு நாக்கை நீட்டச் சொன்னார்.

"ஏன் நாக்கு இப்பிடி வெடிச்சிருக்கு? வாயில என்ன வைக்கிறனீங்கள்?"

"ஒண்டுமில்ல. தொட்டித் தண்ணி பாக்கிறனான்."

வெட்டிக் கழுவிய மீனை உப்புப் போட்டு ஊற வைக்கிற தொட்டியைத்தான் சொன்னேன். முன்பெல்லாம் மீனின் சதையைப் பார்த்தே உப்புக் காணுமா, இன்னும் போட வேண்டுமா என்று சொல்லிவிடுவேன். கண் மங்கிய பிறகு நாக்குத்தான். விரலைத் தோய்த்து வாயில் வைத்துப் பார்ப்பேன். எட்டுத் தொட்டி. சந்தேகம் வந்தால் இன்னொரு தரம். எனக்கு எப்போதும் சந்தேகம்.

"பாத்திட்டுத் துப்புவீங்கள்தானே?"

"ஐயோ, தொட்டிக்கு முன்னால துப்பலாமோ? மீன் புழுத்துப் போகுமே!"

எங்கள் வாடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம் அது. தொட்டிக்கு முன் துப்பக் கூடாது. நான் விழுங்கித்தான் பழகியவள். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"அம்மா, ஒரு நாளைக்கு எத்தினை விரல்?"

எண்ணப் பார்த்தேன். எண்ணி முடியவில்லை. என் மாதாவே! சொதியில் சிட்டிகை உப்புக்குப் பிள்ளையை அழ வைத்துவிட்டு, நாள் முழுக்க உப்புத் தண்ணியை விழுங்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். வெட்கம் ஒரு பக்கம். பன்னிரண்டு வருடமாக 'உப்பைக் குறை, உப்பைக் குறை' என்று சொன்னவர்களில் ஒருவர்கூட நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்கவில்லையே என்ற ஆத்திரம் மற்றப் பக்கம்.

அன்றோடு விட்டேன். தொட்டித் தண்ணியில் முட்டையைப் போட்டுப் பார்த்தேன். மிதந்தால் உப்புக் காணும். வாடிப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சிரிக்கட்டும். மகளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பாலப்பம் சுட்டுக் கொடுத்தேன், அவளுக்கு விளங்கியிருக்கும். குளிசை, கஷாயம், நடை எல்லாவற்றையும் விடாமல் செய்ய, பிரஷர் மெல்ல மெல்ல இறங்கியது. மூன்றாம் தரம் திருப்பி அனுப்பவில்லை. கண்ணை வெட்டி வெள்ளையை எடுத்தார்கள்.

ஒரு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். என் தொட்டிகளையும் மகளே பார்த்தாள். மாதம் முடிந்து வாடிக்குப் போன அன்று எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. செதில், ஈ, உப்புக் கல், தொட்டியின் மேல் குனிந்து நின்ற மகள். அவள் விரலைத் தோய்த்தாள், வாயில் வைத்தாள், அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள். பக்கத்தில் முட்டை வைத்த சிரட்டை சும்மா கிடந்தது.

"என்னடி செய்யிறாய்?"

"முட்டையைப் போட்டு எடுக்க நேரம் போகுதம்மா. எனக்கென்ன பிரஷரே?"

பன்னிரண்டு வருடத்துக்கு முன் எனக்கும் இல்லைத்தான். ஓடிப்போய் அவளின் தாடையைப் பிடித்தேன். வாடியே திரும்பிப் பார்த்தது.

"துப்படி!" என்று கத்தினேன். "புழுத்தால் புழுக்கட்டும். இதிலயே துப்பு!"