இரண்டாம் பேஸில் ஒரு கும்பிடு

பேஸ்போல் மைதானத்தில் மண் வாருகிறவனுக்கு ஒரு வசதி உண்டு: வேலையை ஒழுங்காகச் செய்தால் ஒருவரும் அவனைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தொண்ணூறுகளில், ரொறன்ரோவில், நான் பார்த்தது அந்த வேலைதான். நாள் முழுக்கச் சனத்துக்கு நடுவில் நின்றுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறி வீடு திரும்பியவர்களே, இது உங்களுக்காக.

உத்தியோகம்

நகரின் ஓரத்தில், வெக்ஸ்போர்ட்டில், குகன் அண்ணையும் நானும் ஓர் அறையில் இருந்தோம். அவருக்குக் காலை ஷிஃப்ட், எனக்கு மாலை. ஞாயிறு வந்தால்தான் முகம் பார்ப்போம். அப்படியொரு ஞாயிறு என் வேலையை அவருக்கு விளக்கினேன். ஆடுகளத்தின் நாலு மூலையில் மூன்றில் பேஸ் என்று ஒன்று இருக்கும், பார்த்தால் வெள்ளைத் தலையணை மாதிரி. ஆட்டத்தின் இடைவேளையில் ஓடிப்போய் அதைச் சுற்றியுள்ள மண்ணை வாரிச் சமப்படுத்திவிட்டு ஓடிவர வேண்டும்.

அண்ணை சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார்.

“அப்ப வீட்டு வளவு கூட்டத்தானே நீ பிளேன் ஏறி வந்தனீ?”

கையுறை

இரண்டாம் பேஸைக் காத்தவர் வோல்ட். பந்தை வானத்துக்கு அடிக்கிற ஆள் இல்லை. சுவரொட்டிகளில் அவர் முகம் வராது. பந்து அவர் பக்கம் உருண்டால் எடுப்பார், எறிவார், ஆள் அவுட். அவர் பிடித்துவிடுவார் என்ற நம்பிக்கையில் சனம் பொப்கோர்ன் வாங்க எழும்பிவிடும். ஆனால் முதல்நாளே என் பெயரைக் கேட்டு, “சிவா, இன்றைக்கு மண் எப்படி?” என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் விசாரித்தவர் அவர் ஒருவர்தான். பல நாட்களில் அதற்குப் பிறகு என் பெயரை நான் வேறு எவர் வாயிலும் கேட்டதில்லை.

ஒருநாள் நிலத்தில் கிடந்த அவருடைய கையுறையில் என் கால் பட்டுவிட்டது. பழக்கதோஷம், குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நிமிர்ந்தால் பின்னால் அவர் நிற்கிறார். தொழில் செய்கிற சாமானில் கால் பட்டால் நாங்கள் இப்படித்தான் மன்னிப்புக் கேட்போம் என்று என் ஓட்டை ஆங்கிலத்தில் சொல்லிமுடித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தோற்ற நாளெல்லாம் இதைத் தூக்கி எறிந்திருக்கிறேன். ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை.”

முறை

அந்த வருஷம் இரண்டாம் பேஸுக்கு இளசு ஒருவனைக் கொண்டுவந்தார்கள். வோல்ட்டுக்கு அடுத்த வருஷம் இடமில்லை என்று சீக்கிரமே முடிவாகிவிட்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவர் போய்விட்டால் அந்தப் பெரிய மைதானத்தில் சிவா என்று ஒருத்தன் இருப்பது யாருக்குத் தெரியும்? அந்த ஞாயிறு சோறு இறங்கவில்லை. காரணத்தைச் சொன்னேன்.

குகன் அண்ணைக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை.

“எட, உந்த வெள்ளைக்காரன் உனக்கு என்ன முறை?”

கடைசி ஆட்டம்

அந்த வருஷத்துக் கடைசி ஆட்டத்தின் கடைசிப் பந்து அவரிடம்தான் உருண்டது. எடுத்தார், எறிந்தார், ஆட்டம் முடிந்தது. சனம் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பியது. மண் வாரும் ரேக்கோடு ஓரத்தில் நின்ற நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நடந்தவர் இரண்டாம் பேஸை மிதித்துவிட்டார். நின்றார். குனிந்து, அதை விரல்களால் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். ரேக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் கைகூப்பினேன்.

பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளரும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“பாவம், கண்ணுக்குள் மண் போய்விட்டது. நீ தரைக்குத் தண்ணீர் தெளிக்கவில்லையா?”

வோல்ட்டை முறையாக வழியனுப்பியவன் அந்த மைதானத்திலேயே நான் ஒருவன்தான், அதற்கும் ஏச்சு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.