ஒரு சாண் இடைவெளி

அலுவலகத்தில் அவளுக்குச் ‘சந்தேகப் பிராணி’ என்று பெயர். வீட்டைப் பூட்டிவிட்டேன் என்று கணவன் சத்தியம் செய்தாலும், பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்க்காமல் படியிறங்கமாட்டாள். அந்தக் குணத்துக்குத்தான் சம்பளமே. கிடங்குகளில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் சரக்கு வண்டியைச் சோதிப்பது அவள் வேலை.

சோதனையெல்லாம் கணினித் திரைக்குள்தான். பொம்மை மனிதன் ஒருவனைக் குறுக்கே நடக்கவிட்டு, தரையை ஈரமாக்கி, பாரத்தைக் கூட்டி, வண்டியை எப்படியாவது அவன்மேல் மோதவைக்க ஒரு புரோகிராம் விடாப்பிடியாக வழி தேடும். ஒவ்வொரு ஓட்டத்திலும், வண்டிக்கும் அவனுக்கும் நடுவே வண்டியின் கேமரா அளக்கும் இடைவெளியை இன்னும் குறைக்கப் பார்க்கும். அது குறைந்துகொண்டே வந்து, ஒரு சாணில் நின்றுபோனது.

“பாஸாயிடுச்சு!” என்று மேலாளர் கைதட்டினார்.

அவளோ எண்களை மறுபடி மேலிருந்து பார்த்தாள். தரை வழுக்கினாலும் ஒரு சாண், பாரம் இரட்டித்தாலும் அதே ஒரு சாண். இவ்வளவு நல்ல பிள்ளையாக எந்த வண்டி நிற்கும்?

கடைசி ஓட்டத்தின் பதிவை மெல்ல ஓடவிட்டாள். வண்டி ஒரு சாண் தூரத்துக்கு வந்ததும், மனிதன் கேமராவின் பார்வைக்குக் கீழே போய்விட்டான். அதோடு அளப்பதும் நின்றது. வண்டி நிற்கவில்லை.

“இன்னும் என்னம்மா சந்தேகம்? ஒரு சாணுக்குக் கீழ குறையவே இல்லையே!”

“குறையல சார். கேமராவுக்குத் தெரியிற வரைக்கும்தான் அளந்திருக்கு. வண்டி தாண்டிப் போயிடுச்சு. ஆள் எங்க சார்?”