புத்தகத்துக்குள் விரல் வைத்திருந்த அறிஞர்

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ரூஜிலிருந்து ரொறன்ரோ நகரமையத்துக்கு நானும் கணவரும் போய்வந்தோம். நெடும்பயணமில்லை. ஆனால் பக்கவாதம் வந்தபிறகு ஆஸ்பத்திரி தவிர வேறு இடத்துக்கு அவர் வந்தது அன்றுதான். நீண்டகாலம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பேச்சும் நடையும் அநேகமாகத் திரும்பிவிட்டன. வாசிப்புத்தான் திரும்பவில்லை. கண் தெரிகிறது, எழுத்துப் பிடிபடவில்லை. வாசித்துக் காட்டலாம் என்று நான் பேப்பரை எடுத்தால், "நான் என்ன குழந்தைப்பிள்ளையே?" என்று எழும்பிப் போய்விடுவார்.

நகரத்து ஓவியக்கூடம் ஒன்றில் மறுமலர்ச்சிக்கால ஓவியங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். படம் பார்க்க எழுத்துத் தேவையில்லையே!

ரூஜ் ஹில்லில் ரயில் ஏறினால் நகரமையத்து யூனியன் நிலையத்துக்கு ஏறக்குறைய நாற்பது நிமிடம். இடப்பக்கம் இருங்கள், முதல் கொஞ்சத் தூரம் ஏரி தெரியும். அவர் ஏரியைப் பார்க்கவில்லை. விளம்பர எழுத்துகள் கண்ணில் படாமலிருக்கக் குனிந்தபடியே வந்தார். யூனியனிலிருந்து சுரங்க ரயில், பிறகு மெதுவாகப் பத்து நிமிட நடை.

இரண்டாவது அறையில் அந்தப் படம் இருந்தது. கறுப்புத் தொப்பி போட்ட ஒரு அறிஞர், சவரம் செய்யாத தாடை, குளிரில் சிவந்த மூக்கு. கணவர் பழக்கதோஷத்தில் முதலில் குறிப்புப் பலகையைத்தான் குனிந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது. கூட்டிவந்தது பிழையோ என்று நினைத்தேன்.

"சார், ரொம்பக் கிட்ட போகாதீங்க, அலாரம் அடிச்சிடும்," என்றார் காவலில் நின்ற பெண். எங்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். மதுரைக்காரராம். மடக்கு நாற்காலி ஒன்றும் கொண்டுவந்து தந்தார்.

கணவர் அதில் இருந்துகொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இவர் வாசிக்கேல்லை, கண்டனீரே?"

"கையில புத்தகம் இருக்கெல்லே?"

"விரலை வைச்சு மூடிப்போட்டார். பக்கத்தில ஆரோ வாசிக்கினம், இவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். முகத்தைப் பாரும்."

பார்த்தேன். தலை ஒருபக்கம் சற்றே சரிந்திருந்தது. ஓவியர் அப்படி நினைத்துத்தான் வரைந்தாரோ தெரியாது. அவர் குறிப்புப் பலகையைக் காட்டினார்.

"உதில என்ன எழுதிக்கிடக்கு? வாசியுமன்."

வாசித்தேன். அறிஞரின் பெயர் தெரியாதாம். கிரேக்க நூல்களை இலத்தீனுக்குக் கொண்டுவந்தவராக இருக்கலாமாம்.

"எங்கட ஆள்," என்று சிரித்தார். "சரி, அடுத்ததையும் வாசியும்."

போகிறவர்களுக்கு: மடக்கு நாற்காலி இலவசம், கேட்டால் தருவார்கள். லிப்ட் இருக்கிறது. கட்டணத்தை முன்கூட்டியே இணையத்தில் பாருங்கள். எல்லா அறையையும் ஒரேநாளில் முடிக்க நினைக்காதீர்கள். நாங்கள் மூன்றுதான் பார்த்தோம், மூன்றிலும் ஒரு பலகை விடாமல் வாசித்தேன்.

திரும்பும் ரயிலில் யாரோ விட்டுப்போன பேப்பர் கிடந்தது. அவரே எடுத்து என் மடியில் வைத்தார். வாசித்துக்கொண்டே வந்ததில், கில்ட்வூட் நிலையம் தாண்டும்போது எனக்குக் குரல் கம்மிவிட்டது. அவர் போத்தலைத் திறந்து நீட்டினார்.

"தண்ணியைக் குடிச்சிட்டு வாசியும்."