பஞ்சு மறித்த கடல்

இராஜபாளையத்தில் ஸ்கூட்டர் மெக்கானிக் கை துடைக்க நீட்டிய கழிவுப் பஞ்சில் எண்ணெய் மணந்ததும், எண்பதுகளில் லீவுக்கு லீவு அப்பாவோடு பஸ்ஸில் கடற்கரை வரை போய், அங்கிருந்து வள்ளத்தில் போய் இறங்கிய அந்தச் சின்ன மீன்பிடித் துறை கண்ணுக்குள் வந்து நின்றது. மில்லில் வேலை பார்த்த அப்பா மூட்டையாகக் கொண்டுபோகும் கழிவுப் பஞ்சை அங்குள்ள தச்சர்கள் திரித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைத் தடவி, கருவாட்டு வாடைக்கும் காக்கைச் சத்தத்துக்கும் நடுவே வள்ளத்தின் பலகை இடுக்குகளில் டொக் டொக்கென்று அடித்து இறக்கிக்கொண்டே இருப்பார்கள். ஒருமுறை திரும்பும்போது அலையைப் பார்த்து நான் அழ, வள்ளக்காரர் சொன்னார்: “பயப்படாத தாயி. தண்ணிய மறிச்சு நிக்கது ஒங்க ஊருப் பஞ்சுதான்.”

இன்று அந்தத் துறையை ஏதோ கம்பெனிக்காரர்கள் மதில் கட்டி அடைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், கடலில்லாத ஊர்க்காரிக்கு இதில் என்ன வேலை என்கிறார்கள். எங்கள் பஞ்சு இல்லாமல் அங்கே ஒரு வள்ளமும் மிதந்ததில்லை. கேட்பேன்.