ஞானதாஸ் அண்ணாச்சியும் விரிசல் விட்ட முன்கண்ணாடியும்

செய்தி வாட்ஸப் குழுவில் வந்தபோது நான் கரமனை ஆற்றோரம் காலை நடையில் இருந்தேன். ‘அண்ணாச்சி போய்விட்டார்’ என்ற ஒற்றை வரிக்குக் கீழே ஒரு படம். முன்கண்ணாடியை பானெட்டின்மேல் மடித்துப் போட்ட ஜீப்பில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஞானதாஸ் அண்ணாச்சி சிரிக்கிறார். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. அது என்னுடையது. மிச்சத்தை யாரோ வெட்டியிருந்தார்கள்.

நம் ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக் கூட்டத்தின் செயலாளர் அன்று மாலையே அழைத்தார். “அஞ்சலி மலர்ல சாமிதான் எழுதணும் கேட்டேளா. உங்கள விட்டா வேற ஆரு?” என்றார். உண்மைதான். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவன். என் பெயர் அண்ணாச்சிக்கு ஒருநாளும் வாயில் வந்ததில்லை. அவர் என்னைச் சாமி என்றார், நீங்கள் எல்லோரும் சாமி என்றீர்கள். அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அவருக்குச் சாலை பஜாரில் இரும்புச் சாமான் கடை. பொன்முடி எஸ்டேட் ஒன்று கழித்துப்போட்ட ஜீப்பை நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கினோம். பதிவு அவர் பெயரில். “பேரு ஆருக்க பேரா இருந்தா என்ன சாமி? ஓடப்போறது ரெண்டு பேருக்கும்லா?” என்றார். ஓட்டியது எப்போதும் அவர். இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்ததும், சேற்றில் தள்ளியதும், கேட்டைத் திறந்து மூடியதும் நான்.

அந்த வண்டியின் முன்கண்ணாடிச் சட்டம் கீழே இரண்டு கீல்களில் நிற்கும். பழைய கீல், தேய்ந்த கொக்கி. மேலே கித்தான் கூரையைக் கழற்றிவிட்டால் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. மோசமான ரோட்டில் பாத்திரக் கடைக்குள் மாடு புகுந்த சத்தம். அண்ணாச்சிக்குப் பேசாமல் வண்டி ஓட்டத் தெரியாது. தம் பேச்சைத் தம்மாலேயே கேட்க முடியாமல் போனதுதான் அவருக்குப் பெரிய வருத்தம்.

செருப்புக் கதை உங்களுக்குத் தெரியும். மலைக்குப் போகும் வழியில் ஒரு கோயிலைக் கண்டு நான் செருப்பைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு இறங்கினேன். திரும்பி வந்தபோது என் ஹவாய் செருப்பில் ஒன்றை ரம்பத் தகட்டால் துண்டு துண்டாக அறுத்து, சட்டத்துக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தார். “செருப்ப விடும். சத்தம் போச்சா இல்லியா, அதச் சொல்லும்” என்றார். மூன்றாவது வளைவிலேயே சத்தம் திரும்பி வந்துவிட்டது. இதை அவர் சொல்லும்போது எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். ஒரு கால் வெறுங்காலாகத் தேயிலைக்குள் நடந்தவனை அட்டை கடித்த பகுதியை அவர் சொன்னதே இல்லை.

பிறகு நிரந்தரமாக ஒரு வழி செய்யலாம் என்று அவர் கடையில் உட்கார்ந்து பேசினோம். நான் தெளிவாகச் சொன்னேன். ஒரு சக்கரம் பாறையிலும் இன்னொன்று பள்ளத்திலும் இருக்கும்போது வண்டியின் உடம்பு முறுக்கிக்கொள்ளும். கண்ணாடி முறுக்கிக்கொள்ளாது. ஆகவே சட்டத்தை வண்டியோடு விறைப்பாகக் கட்டக்கூடாது. சட்டத்தை இழுத்துப் பிடிக்கப் பக்கத்துக்கு ஒரு ஸ்டே கம்பி, அதன் இரண்டு முனையிலும் அசைவை வாங்கிக்கொள்ள ரப்பர் புஷ். அவ்வளவுதான்.

“ரப்பர் வச்சா பின்னயும் ஆடும். இரும்புன்னா இரும்பாக்கும்” என்று கனமான இரண்டு பட்டைகளை எடுத்து வந்தார்.

“அண்ணாச்சி, கண்ணாடி பொட்டிடும்.”

“ஒம்ம பாடத்தக் காலேஜ்ல வச்சுக்கிடும்.”

அவர் நட்டை முறுக்கினார். நான் மறுபக்கம் போல்ட் சுற்றாமல் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலை ஏறும்வரை ஒரு சத்தமும் இல்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். எஸ்டேட்டுக்குப் பின்னால் உள்ள தடத்தில் முன் வலது சக்கரம் ஒரு பாறைமேல் ஏறியது. பின் இடது சக்கரம் ஓடைக்குள் இறங்கியது. ‘டிக்’ என்று சின்னதாக ஓர் ஒலி. கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோடு ஓடியது. அண்ணாச்சி அந்தக் கோட்டைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலையிறங்கி கல்லாறு டீக்கடையில் உட்கார்ந்ததும் அன்றைய கதையை ஸ்டியரிங் பிடித்தவர்தான் சொல்ல வேண்டும். அவர் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. அன்று அண்ணாச்சி டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: “சாமியாக்கும் முறுக்கினது. போதும் ஓய், போதும் ஓய்னு நான் சொல்லியும் கேக்கல. படிச்ச கையில்லா, பெலம் ஜாஸ்தி!”

கடை முழுக்கச் சிரித்தது. அவர் முடித்தபின் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் எல்லோரும் எழுந்து வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து நம்மில் யார் ஸ்பானரை எடுத்தாலும் ஒருவர் சொல்வார்: “சாமியெ விளிக்கண்டா, சில்லு பொட்டும்.” சாமியைக் கூப்பிடாதே, கண்ணாடி உடையும். தமிழில் சொன்னால் போதாதென்று மலையாளத்திலும் சொன்னீர்கள்.

புதுக் கண்ணாடி போட்ட பிறகு ஒருநாள் அவர் வீட்டு ஷெட்டுக்குப் போனேன். இரும்புப் பட்டைகளைக் காணோம். இரண்டு பக்கமும் ஸ்டே கம்பி, முனைகளில் ரப்பர் புஷ், நான் சொன்னபடியே. “எப்பிடி நம்ம ஐடியா?” என்றார். அதன்பிறகு அந்தச் சட்டம் ஆடவுமில்லை, கண்ணாடி விரியவுமில்லை. உங்களில் பலர் அதைப் பார்த்து உங்கள் வண்டிகளிலும் மாட்டிக்கொண்டீர்கள். அதற்கு அண்ணாச்சி ஸ்டே என்று பெயரும் வைத்தீர்கள்.

ஒன்றை மறைக்கக்கூடாது. பெருமழையில் எங்கள் தெருவில் வெள்ளம் நின்ற அன்று அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. எந்த வண்டியும் உள்ளே வர மறுத்தது. அண்ணாச்சி பம்பர் முங்கும் தண்ணீரில் ஜீப்பை ஓட்டி வந்து, அப்பாவைக் குழந்தையைப் போல் தூக்கிக் கிடத்தினார். நான் அப்பாவைச் சுற்றிக் கயிற்றைக் கட்டப் போனேன். “சாமி, நீரு இறுக்க வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்” என்றார். அப்போதும்.

போன மாதம் அவர் படுத்துவிட்டார் என்றதும், “அந்தக் கோவத்த இப்பவும் சுமந்துண்டு இருக்காதேங்கோ. போய்ப் பாத்துட்டு வாங்கோ” என்றாள் மனைவி. போனேன். இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். எல்லோரிடமும் வேண்டாம், என்னிடம் மட்டும் சொன்னால் போதும்.

அவர் மனைவி டீ போட உள்ளே போனார். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வண்டிய எடுத்து ஓட்டும் சாமி. ஸ்டே நட்ட மட்டும் ரொம்ப முறுக்கிரப்பிடாது. அன்னைக்கி மாதிரி ஆயிரும்.”

குறும்பு இருக்கிறதா என்று அவர் கண்ணைத் தேடினேன். இல்லை. சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பியிருந்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்க அங்கே ஆளே இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் சவப்பெட்டியை மூடித் திருகுகளை முறுக்கும்போது ஒரு திருகு இறங்க மறுத்தது. நான் பக்கத்தில் நின்றதால் கை நீட்டினேன். பின்னாலிருந்து ஒருவர் அழுகைக்கு நடுவே “சாமியெ விளிக்கண்டா” என்று மெல்லச் சொன்னார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சியின் மனைவியும் சிரித்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

அண்ணாச்சியின் தைரியம், நட்பு, சிரிப்பு எல்லாவற்றையும் இந்த மலரில் மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். எனக்கு வைத்துக்கொள்ள இருப்பது இந்தக் கோபம்தான். அதை நான் யாருக்கும் தருவதாக இல்லை. அண்ணாச்சி, முறுக்கியது நீங்கள். குறுக்கே பேச இப்போது உங்களால் முடியாது. அப்படியும் நான் ஜெயித்ததுபோல் இல்லை.