சூப்பர்வைசர் நம்பர்

போன வருடம் ஆடி மாதம், ஒரு மதியம். சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில், பேக்கிங் லைனில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போன் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் எங்கள் லைனில் இருக்கிற அம்மாக்கள் எல்லோரும் பிள்ளைகளின் பள்ளியில் அவசரத்துக்கென்று சூப்பர்வைசர் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். நானும்தான்.

பத்தாவது படிக்கும் என் மகளின் பள்ளிக்கு வாரம் ஒருமுறை கவுன்சிலிங் மிஸ் வருவார். அன்று இவள் தானாகவே போய் உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவுக்கு நைட் ஷிப்ட், அம்மாவுக்கு ஓ.டி., பொழுது சாய்ந்தால் வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, தெரிந்தால் அம்மா ஓ.டி.யை விட்டுவிடும், சொல்லிவிடாதீர்கள் மிஸ் என்று அழுதிருக்கிறாள். மிஸ்ஸுக்கு மனசு கேட்கவில்லை. பள்ளியில் இருந்த நம்பரைத் தேடி போன் அடித்துவிட்டார்.

சூப்பர்வைசர் நல்ல மனுஷன்தான். மெஷின் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தார்: "அக்கா, உன் பொண்ணு கவுன்சிலிங்ல அழுதுகினு கீதாம். இன்னான்னு போய்ப் பாரு."

லைனில் எல்லாக் கைகளும் ஒரு கணம் நின்றன. பிறகு பெட்டிகள் நகர்ந்தன, பெட்டிகளோடு பேச்சும் நகர்ந்தது. கேட் பாஸ் வாங்கிக்கொண்டு நான் ஓடினேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில், நான் இல்லாத சீட்டைப் பார்த்து, "இன்னா, லவ் மேட்டரா இருக்கும்" என்று ஒருத்தி சிரித்தாளாம். அந்த பஸ்ஸில் வருகிறவர்களின் பிள்ளைகள்தானே என் மகள் வகுப்பிலும். மறுநாள், "யாருடி அவன்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அந்த ரூமுக்குக் கதவு கீதுன்னு நம்பித்தாம்மா பேசினேன்."

ஓ.டி.யை விட்டுவிட்டேன். அவள் பயந்ததே நடந்தது. இப்போது விளக்கு வைக்கும் நேரத்தில் இரண்டு பேரும் வீட்டில் இருக்கிறோம், ஆளுக்கொரு தனிமையில். மிஸ் மறுபடி கூப்பிட்டபோது, "நல்லா இருக்கேன் மிஸ்" என்றாளாம். எனக்கும் அதே பதில்தான். என்ன சமைக்கட்டும் என்றாலும் நல்லா இருக்கேன் என்பதுபோலவே ஒரு தலையாட்டல்.

பள்ளியில் சூப்பர்வைசர் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறக்கும்போதெல்லாம் ஒரு மிஸ்டு கால்கூட இல்லாத அந்தத் திரையைப் பார்க்கிறேன். அதற்கு என் மகள் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தமில்லை, அழுவதற்கு அவளுக்கு இனி இடமில்லை என்றுதான் அர்த்தம்.