பெரியப்பா தோற்ற தேர்தல்

எங்கள் பெரியப்பா திரியாய்ப் பள்ளிக்கூடச் சபைத் தேர்தலில் தோற்ற அன்று, ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டது நானாகத்தான் இருக்க வேண்டும். அப்போது நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். அவர் விளைவித்த நெல்லின் சோற்றைத்தான் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அது யுத்தகாலம். ஒரு நாள் காலையில் யப்பான்காரனின் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் வந்து குண்டு போட்டன. எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றி எரிந்த புகை கடற்கரைத் தெருவில் இருந்த எங்கள் முற்றம் வரைக்கும் வந்தது. பட்டினத்தில் இருந்தவர்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நாலா பக்கமும் போனார்கள். அப்பாவுக்குக் கப்பற் பட்டறையில் தச்சுவேலை. அந்த நேரத்தில் வேலையை விட்டு வர அவரை விடமாட்டார்கள். அம்மாவையும் என்னையும் கைக்குழந்தையாக இருந்த தம்பியையும் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி, திரியாயில் இருந்த அம்மாவின் தமக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பெரியம்மா எங்களைக் கட்டிக்கொண்டு அழுதார். பெரியப்பா அழவில்லை. வண்டியிலிருந்து பெட்டியை இறக்கி, தான் படுக்கும் அறைக்குள் கொண்டுபோய் வைத்தார். அன்றிலிருந்து அந்த அறை எங்களுடையது. அவர் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார். அதைப்பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு கதையும் கதைக்கவில்லை.

ஆனால் பள்ளிக்கூடம் என்று வந்தபோது அதே பெரியப்பா வேறு ஆளாகிவிட்டார்.

பள்ளிக்கூடம் என்பது அரைச்சுவர் வைத்துக் கிடுகு வேய்ந்த ஒரே மண்டபம். வாத்தியாரும் ஒருவர்தான். பெரியப்பாதான் அதன் சபைத் தலைவர். அவருடைய கடைசி மகனும் அங்கேதான் படித்தான். காட்டில் மரம் வெட்டி இழுத்து வந்து அந்தக் கூரையை நிறுத்தியவர்களில் அவரும் ஒருவர் என்று பெரியம்மா சொல்லுவார். பட்டினத்துப் பிள்ளைகள் ஊருக்குள் வந்து சேரச் சேர, அவர் ஒரே பேச்சாக நின்றார்: வாங்குப் பலகையில் இடமில்லை, சேர்க்க முடியாது.

"வீட்டிலை இடம் இருக்கு, வாங்கோ. பள்ளிக்கூடத்திலை இடமில்லை. இன்ஸ்பெக்டர் வந்து பாத்துப்போட்டு, உதவிப்பணத்தை நிப்பாட்டினாரெண்டால் எங்கட பிள்ளையளுக்கும் இல்லாமல் போயிடும்."

அவர் பயம் பொய்யில்லை. ஒரு முறை அந்தப் பள்ளிக்கூடம் பூட்டப்பட்டு, திரும்பத் திறப்பதற்குள் ஊரில் பல பிள்ளைகள் மாடு மேய்க்கவும் கடலுக்கும் போய்விட்டார்களாம். அப்போது அது எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்? நான் நாலாம் வகுப்பில் பாதியில் விட்டு வந்தவள். பட்டினத்துப் பிள்ளைகள் நாங்கள் ஏழெட்டுப் பேர் தினமும் சிலேட்டோடு போய், அரைச்சுவருக்கு வெளியே நின்று, அதன் மேல் நாடியை ஊன்றிக்கொண்டு பாடம் கேட்போம். வாத்தியார் கண்டும் காணாதவர் மாதிரி இருப்பார். ஒருநாள் உள்ளே யாருக்கும் விடை தெரியாத ஒரு கணக்குக்கு நான் வெளியிலிருந்து விடை சொன்னேன். வாத்தியார் "சரி" என்றார். சொல்லிவிட்டு, பெரியப்பா எங்காவது நிற்கிறாரா என்று ரோட்டைப் பார்த்தார்.

இந்த நேரத்தில்தான் சபைக்குத் தேர்தல் வந்தது. சந்தியில் கடை வைத்திருந்தவர் பெரியப்பாவை எதிர்த்து நின்றார். தான் வந்தால் பட்டினத்துப் பிள்ளைகளை உள்ளே எடுப்பேன் என்றார். வந்து குடியேறிய குடும்பங்கள் எல்லாம் அவருடைய கடையில்தான் சாமான் வாங்கின. அதற்காகத்தான் நிற்கிறார் என்று ஊரில் சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார். போதாததற்கு, கடைக்குப் போகும்போதெல்லாம் கற்கண்டு தருவார்.

அந்தக் காலத்தில் அரசாங்கத் தேர்தல்களில் ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நிறம் பார்த்துப் போடலாம். அதைப் பார்த்து வாத்தியாரும் இரண்டு மண்முட்டிகளை எடுத்து, ஒன்றின் வாயை வெள்ளைத் துணியாலும் மற்றதைச் சிவப்புத் துணியாலும் கட்டி, நடுவில் ஓட்டை போட்டு வைத்தார். வெள்ளை பெரியப்பாவுக்கு. சிவப்பு கடைக்காரருக்கு. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை.

தேர்தலுக்கு முதல்நாள் மத்தியானம் பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் குசினி வாசலில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"இஞ்சாருங்கோ, நாளைக்கு நான் சிவப்பு முட்டியிலைதான் போடுவன். உங்களுக்கு ஒளிச்சுச் செய்ய எனக்கு ஏலாது. அதுதான் சொல்லிப்போட்டுச் செய்யிறன்."

அம்மா அடுப்படியில் பயந்துபோய் எழுந்து நின்றார். "அக்கா, பேசாமல் இருங்கோ" என்று மெல்லச் சொன்னார்.

பெரியப்பா ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கினார்.

"நீர் மட்டுமோ?"

"இல்லை. எங்கட ஒழுங்கையிலை இருக்கிற பொம்பிளையள் எல்லாரும் வருவினம். அயலுக்கையும் சொல்லியிருக்கிறன்."

"ம்" என்றார் பெரியப்பா. பிறகு, "குழம்புக்கு உப்புக் காணாது" என்றார்.

பெரியம்மா உப்புச் சிரட்டையை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வளவு முழுக்க ஆம்பிளைகள். பிள்ளைகளின் தகப்பன்மார் வந்து போட்டுவிட்டுப் போவதுதான் அதுவரை வழக்கம். பெரும்பாலானவர்கள் பெரியப்பாவின் பக்கம். அம்மாவுக்கு அங்கே வாக்கு இல்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு என்னோடு வேலி ஓரம் நின்றார்.

அப்போது ஒழுங்கைப் பாதையால் பெரியம்மா வந்தார். பின்னால் பெண்கள், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு, ஒரு கூட்டமாக வந்தார்கள். பெரியப்பாவின் ஆட்களில் ஒருவர் வேலிப் படலையில் போய்க் குறுக்கே நின்றார்.

"பொம்பிளையளுக்கு இஞ்சை என்ன வேலை? ஒருநாளும் இல்லாத பழக்கம். தலைவர், நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, திருப்பி அனுப்பிறம்."

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். பெரியம்மா மட்டும் அவரைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாத்தியார், விதியை ஒருக்கால் வாசியுங்கோ" என்றார் பெரியப்பா.

வாத்தியார் வாசித்தார். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் வாக்களிக்கலாம் என்று இருந்தது.

"பெற்றோர் எண்டால் பெத்தவையள். தாயில்லாமல் ஆர் பெத்தது?" பெரியப்பா படலைக்கு நடந்து போய், குறுக்கே நின்றவரின் தோளில் கையை வைத்தார். "தள்ளி நில்லும். அவையள் வெயிலுக்கை நிக்கினம். உள்ளை வரட்டும்."

பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஆளுக்கொரு புளியங்கொட்டையை எடுத்துக் கொடுத்தது பெரியப்பாதான். பெரியம்மாவின் கையிலும் அவர்தான் வைத்தார்.

முட்டிகளைக் கவிழ்த்தபோது எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. சிவப்பு முட்டியின் குவியல் அவ்வளவு பெரிதாக இருந்தது. நான் கத்திக்கொண்டு குதித்தேன். அம்மா என் வாயைப் பொத்தினார். பெரியப்பா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடைக்காரரிடம் பள்ளிக்கூடப் பூட்டின் திறப்பைக் கொடுத்துவிட்டு, வயலுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் நாங்கள் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றோம். இவ்வளவு நாளும் வெளியில் நின்று பழகியதாலோ என்னவோ, உள்ளே கால் வைக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அந்த வழியால் கலப்பையோடு போன பெரியப்பா எங்களைக் கண்டு நின்றார்.

"என்ன பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கிறாய்? மணி அடிச்சிட்டுதெல்லே. உள்ளை போ."

போனேன். வாங்கில் இடமில்லை. அவர் சொன்னது சரிதான். நிலத்தில், மணலில் இருந்து படித்தோம். கொஞ்ச நாளில் கடைக்காரர் கிடுகு வாங்கிப் போட, பெரியப்பா காட்டு மரத்தை வண்டியில் கொண்டுவந்து இறக்க, மண்டபத்தோடு சேர்த்து ஒரு சாய்கூரைப் பத்தி எழும்பியது. குழி தோண்டித் தூண் நடும்போதெல்லாம் பெரியப்பா, "இடம் காணாதெண்டு நான் அண்டைக்கே சொன்னனான்" என்று கடைக்காரரிடம் முறைப்பாடு சொல்லிக்கொண்டேயிருந்தார். கடைக்காரர், "ஓம் ஓம், தூணை நேராப் பிடியுங்கோ" என்பார். அந்தப் பத்தியின் கீழிருந்துதான் நான் நாலாம் வகுப்பை முடித்தேன். ஐந்தாம் வகுப்பும் அங்கேதான். பிறகு எவ்வளவோ படித்தேன், எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பித்தும்விட்டேன். எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு பேருக்கும், ஒழுங்கையால் நடந்து வந்த அந்தப் பெண்களுக்கும்தான் நான் நன்றி சொல்ல வேண்டும்.

பட்டினம் கொஞ்சம் அடங்கியதும் அப்பா வண்டி பிடித்துக்கொண்டு வந்தார். புறப்படும்போது அம்மா பெரியம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு யாரும் எதிர்பாராமல் பெரியப்பாவின் காலில் விழுந்தார். "அத்தான், நீங்கள் அண்டைக்கு மறிச்சிருந்தால்..." என்றார். பெரியப்பா கூச்சப்பட்டு, "எழும்பும் தங்கச்சி, வண்டி நிக்குது" என்றார்.

அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களைச் சேர்த்துக்கொண்டவர் கடைக்காரர். நன்றி சொல்வதென்றால் அவருக்கல்லவா சொல்ல வேண்டும்? வண்டி குச்சவெளியைத் தாண்டும்வரை அதையே யோசித்தேன். பெண்கள் யாருக்குப் போடுவார்கள் என்று பெரியப்பாவுக்கு முதல்நாளே தெரியும். ஒரேயொரு சொல் சொல்லியிருந்தால் வென்றிருப்பார். அதைக்கூடச் சொல்லத் தெரியாத மனிதராக இருக்கிறாரே, பாவம், தேர்தலில் நிற்கிற அளவுக்கு அவருக்குக் கெட்டித்தனம் காணாது என்று தீர்மானித்தேன். நிலாவெளி வரும்வரைக்கும் அவருக்காக மனமார வருத்தப்பட்டுவிட்டு, அம்மாவின் மடியில் தலையை வைத்து நித்திரையாகிவிட்டேன்.